அறியப்படாத மூலங்கள்

என் மகளுக்கு நான்கு வயது. ஃபோனில் ஏதாவது ஒரு பெட்டி எழும்பி, "சரி", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான்களைக் காட்டினால், எதையும் அழுத்தாமல் என்னிடம் தூக்கி வரவேண்டும் என்று அவளைப் பழக்கி வைத்திருக்கிறேன். அவளும் வருகிறாள். பால் பொங்கும் நேரத்தில் வருகிறாள். நான் குளித்துக்கொண்டிருந்தால் கதவைத் தட்டுகிறாள். கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் உள்ள வரிகளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆட்டம் பிடித்திருந்தால் நட்சத்திரம் கொடுங்கள் என்றிருக்கும். "பத்திர ஆபீஸ்ல கூட இவ்ளோ பொறுமையா படிக்க மாட்டாங்க" என்று என் கணவர் சிரிப்பார்.

நான் செய்வது சரிதானா என்று எனக்கே உறுதியில்லை. ஜாக்கிரதையைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பயத்தைச் சொல்லிக் கொடுக்கிறேனோ என்று சில நாள் தோன்றும். போன வாரம் அவள் ஃபோனை நீட்டியபடியே, "அம்மா, சரின்னு அழுத்தினா இன்னா ஆவும்?" என்று கேட்டாள். எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் ஆவாது, குடு" என்று வாங்கி வைத்துவிட்டேன். அது பொய் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஜமுனாமரத்தூரிலிருந்து மேலும் ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். இருபது வீடுகள், சுற்றிலும் சாமைக் கொல்லைகள், நடுவே ஐந்தாம் வகுப்புவரை ஒரு பள்ளிக்கூடம். நான் அதில் ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஜூன் மாதம் கீழே போளூரில் விடுதியோடு கூடிய பள்ளியில் என்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அப்பா அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "மொதல்ல பெரியவ போய் ஒரு நர்சா வரட்டும். படிச்சா இன்னா ஆவுதுன்னு பாத்துக்கினு அப்புறம் சின்னதப் பத்தி யோசிக்கலாம்."

பெரியவள் என்று அவர் சொன்னது என் சின்னம்மாவை, அம்மாவின் தங்கை. தாத்தா இறந்தபிறகு அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முதல் பெண். நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். ஊரில் அதற்குள்ளாகவே அவளை நர்சம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். பாதி கேலி, பாதி நிஜம். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டி, "நர்சம்மா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, பாத்துச் சொல்லு" என்பார்கள். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தெரிந்தால் சொல்வாள். தெரியாவிட்டால், "ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிலயே கேட்டுடுங்க" என்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவள். அதனாலேயே அவளை நம்பினார்கள்.

அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. இடம் காலியானால் ஃபோனுக்குச் செய்தி வரும், வந்த மூன்று நாளைக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேரவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று திருவண்ணாமலையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு செய்திக்காகத்தான் எங்கள் வீட்டுக்குள் அந்தத் தொடுதிரை ஃபோன் வந்தது. மாமா கொடுத்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி, சின்னம்மாவுக்கு அண்ணன். மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துச் சாமையையும் புளியையும் கடுக்காயையும் போளூர் மண்டிக்கு ஏற்றிப் போவார். புதிய ஃபோன் வாங்கியதும் மூலையில் விரிசல் விட்ட பழையதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சிக்னல் கிடையாது. கொல்லைக்கு மேலே, பலா மரத்தை ஒட்டி ஒரு பெரிய பாறை உண்டு. அதன்மேல் ஏறி, காவலூர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். ஊரில் ஃபோன் வைத்திருந்த எல்லாருக்கும் அந்தப் பாறைதான். தினமும் நான்கு மணிக்கு, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சின்னம்மா என்னையும் அழைத்துக்கொண்டு ஏறுவாள். மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு உட்காருவாள். டிங் என்று ஒலித்தால் இருவரும் குனிந்து பார்ப்போம். காலர் டியூனாகப் பாட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி ஃபோன் கம்பெனி அனுப்பியிருக்கும். மறுபடி டிங். ரீசார்ஜ் சலுகை. "சனியன் புடிச்சவனுங்க" என்று சின்னம்மா அழித்துவிட்டுச் சிரிப்பாள். காத்திருக்கும் நேரத்தில் எனக்குப் பொழுது போகவேண்டுமே என்று ஃபோனைக் கையில் கொடுப்பாள். அதில் ஓர் ஆட்டம் இருந்தது.

விவசாய ஆட்டம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அம்மா சாமைக் கொல்லையில் களை பிடுங்கக் கூப்பிட்டால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஆனால் ஃபோனுக்குள் விரல் தேயத் தேயத் தண்ணீர் பாய்ச்சினேன், களை எடுத்தேன், கோழிக்குத் தீனி போட்டேன். அந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு வேலி. வேலிக்கு அப்பால் மங்கலாக ஓர் ஆறு தெரியும். வேலியில் மஞ்சளாக ஒரு பூட்டு. அதைத் தொட்டால் பணம் கட்டச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். கார்டு எண் கேட்கும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கார்டு ரேஷன் கார்டு.

எங்கள் ஊர் வீடுகளுக்கு அப்போது பூட்டே கிடையாது. வாசலில் ஒரு மூங்கில் படல் சாத்தியிருக்கும். வருகிறவர்கள் படலுக்கு வெளியே நின்று, "வூட்ல யாரு?" என்று குரல் கொடுப்பார்கள். முகத்தைப் பார்க்கும் முன்பே உள்ளிருந்து "வாங்க" என்று சொல்லிவிடவேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். வரலாமா என்று ஒருவர் கேட்டபிறகு வேண்டாம் என்று சொல்வதைப்போல அவமானம் வேறில்லை. கேட்காமல் உள்ளே வருவது காட்டுப்பன்றி மட்டும்தான். அதனால் பூட்டு என்ற பொருளின்மேல் எனக்கு ஒரு தீராத வியப்பு இருந்தது. அதற்குப் பின்னால் கட்டாயம் ஏதோ பெரியதாக இருக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாமா வந்தபோது பூட்டைக் காட்டினேன்.

"இதுக்காடி மூஞ்ச தூக்கி வச்சினு கீற?" என்றார். "மருமவளே, மெமரி கார்டுல பாட்டு ஏத்தற ஆளு ஒருத்தர் மண்டிகிட்ட கீறாரு. எல்லா பூட்டுக்கும் அவருகிட்ட சாவி கீது. அடுத்த வாரம் எடுத்தாறேன்."

சொன்னபடியே கொண்டுவந்தார். கார்டில் ஐம்பது பாட்டுகள், அவற்றோடு இலவசமாகச் சாவி. சாவி என்றுதான் அதற்குப் பெயர் போட்டிருந்தது, ஒரு சின்னச் சாவிப் படத்தோடு. சின்னம்மா கேழ்வரகு அரைக்கப் போயிருந்தாள். நானும் மாமாவும் பாறையடியில் உட்கார்ந்து கார்டைச் செருகினோம். சாவியைத் தொட்டதும் பூட்டு உடனே திறக்கவில்லை. ஒரு பெட்டி வந்தது. ஃபோனைத் தமிழில் மாற்றி வைத்திருந்ததால் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அறியப்படாத மூலங்களிலிருந்து வருவதை அனுமதித்தால் உங்கள் ஃபோனுக்குப் பாதிப்பு ஏற்படலாம் என்பதுபோல நீளமாக ஏதோ எழுதியிருந்தது.

மூலம் என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொருள்தான். பெரியப்பாவுக்கு இருந்த வியாதி அது. அவருக்காக வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் துத்திக்கீரை வேகும். அவர் உட்காரும் பலகையில் தலையணை போட்டிருக்கும். குழந்தைகள் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

"மாமா, ஃபோனுக்கு மூலம் வரும்னு போட்டிருக்குது" என்றேன்.

மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஒங்க பெரியப்பன் ஒருத்தருக்கு வந்தது போதாதா? துத்திக்கீரைய அரைச்சு ஊத்து. ஐயோ, சரின்னு குடுடி, போவும்."

சரி கொடுத்தேன். அதற்குள் கீழே லாரியில் மூட்டை ஏற்றியவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் இறங்கிப் போய்விட்டார். அதன்பிறகு இன்னொரு பெட்டி வந்தது. அதை நான் தனியாகப் படித்தேன். இந்தச் சாவிக்கு இவை வேண்டும் என்று ஒரு பட்டியல். உங்கள் செய்திகளைப் பெற. உங்கள் செய்திகளைப் படிக்க. செய்திகளை அனுப்ப. செய்திகளை அழிக்க. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். படிக்கத் தெரிந்ததால் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு மரியாதையாக, ஒவ்வொன்றாகக் கேட்கிறதே என்றுதான் தோன்றியது. படலுக்கு வெளியே நின்று கேட்கிறவரை எப்படி வேண்டாம் என்பது?

மறுபடியும் சரி கொடுத்தேன்.

பூட்டு திறந்தது. சாவிப் படம் தானாக மறைந்துவிட்டது. தேடியும் காணவில்லை. வேலை முடிந்ததும் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பாறை அமைதியாகிவிட்டது. அப்படித்தான் சொல்லவேண்டும். டிங் என்ற சத்தமே இல்லை. பாட்டுக்காரர்களும் இல்லை, ரீசார்ஜ்காரர்களும் இல்லை. சின்னம்மா, "பரவால்ல, தொல்ல பண்றத வுட்டுட்டானுங்க" என்றாள். ஃபோன் சீக்கிரம் சூடானது. ரீசார்ஜ் செய்த பணம் இரண்டே நாளில் தீர்ந்தது. பழைய ஃபோன்தானே என்று அவள் விட்டுவிட்டாள். எனக்கோ அந்த அமைதி வசதியாக இருந்தது. முன்பெல்லாம் நடவு நடும் நேரத்தில் செய்தி வந்து மேலே தலைகாட்டும், விரல் அதன்மேல் பட்டு ஆட்டம் கலைந்துபோகும். இப்போது ஒரு தொந்தரவும் இல்லை.

ஏன் திடீரென்று செய்தியே வரவில்லை என்று நான் யோசிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. யோசித்தேன். சாவி போட்ட நாளிலிருந்து என்பதும் தெரியும். சொன்னால் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை வருடங்களில் யாரிடமும் சொல்லாதது. என் கணவரிடமும்.

ஒரு மாலை, மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாறை ஈரமாக இருந்ததால் சின்னம்மா கீழே பலா மரத்தடியில் நின்று யாரோ கொண்டுவந்த மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாறைமேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து ஆற்றங்கரை நிலத்தில் இருந்தேன். ஃபோன் லேசாக அதிர்ந்தது. திரையின் மேல் ஓரத்தில் ஒரு வரி ஓடியது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள். கண் சிமிட்டும் நேரம்தான். அதில் சின்னம்மாவின் பெயரும் அதற்கு முன்னால் தாத்தாவின் முதலெழுத்தும் இருந்தன என்று நினைக்கிறேன். பட்டியலில் அவள் பெயரை அப்படி எழுதியிருந்ததை முன்பே பார்த்திருக்கிறேன். உடனே மறைந்தது. செய்திப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது.

பார்த்தேனா? இப்போதும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. சில நாள், குற்ற உணர்ச்சியால் பிற்பாடு நானே சேர்த்துக்கொண்ட காட்சியோ என்று தோன்றும். சில நாள் அந்தச் சாக்கின் ஈரம்கூடத் தொடையில் தெரியும். அப்போது என்ன செய்தேன் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பெட்டி காலியாக இருக்கிறது, அதனால் ஒன்றும் வரவில்லை என்று முடிவுசெய்தேன். கீழேயிருந்து சின்னம்மா குரல் கொடுத்தாள்.

"பாப்பா, மெசேஜ் எதுனா வந்துச்சா?"

"இல்ல சின்னம்மா."

அடுத்த மாதம் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் வேறோர் ஊர்க்காரம்மா எங்களைப் பார்த்து நின்றார். அவருடைய மகளும் சின்னம்மாவோடு மனுப் போட்டவள்.

"எங்க பொண்ண சேத்துட்டு வந்துட்டோம்மா. மெசேஜ் வந்துச்சு, மக்கா நாளு காலைலயே ஓடனோம்" என்றவர், பிறகு சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துக் குழம்பினார். "ஒம் பேரு அவளுக்கு மேலதான இருந்துச்சு? நீ ஏம்மா வரல?"

சின்னம்மா எடை போட நீட்டிய பையைப் பிடித்தபடியே நின்றாள். கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார்.

மறுநாளே சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மாமாவோடு புறப்பட்டாள். ஊரில் யாருமில்லை, எல்லாரும் கொல்லையில், பள்ளிக்கூடமும் விடுமுறை. அதனால் என்னையும் அழைத்துப்போனார்கள். திருவண்ணாமலையில் அந்த அலுவலகத்தில் இருந்த அம்மா கோபப்படவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "அனுப்பியாச்சும்மா. பாருங்க, ஒங்க நம்பர்தான? போய்ச் சேந்துடுச்சுன்னு காட்டுது. மூணு நாளுக்கு நாலு நாளாவே பாத்தோம். அப்புறம் அடுத்த பேருக்குப் போய்டுச்சு." இடம் நிறைந்துவிட்டது. அடுத்த வருடம் மறுபடியும் மனுப் போடச் சொன்னார். சின்னம்மா நன்றி சொன்னாள். வெளியே வந்து, "போய்ச் சேந்துச்சாம்ண்ணா. எங்க போய்ச் சேந்துச்சு?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் போளூரில் இறங்கி, பஸ் நிலையத்தருகே ஃபோன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். சாவி கொடுத்தவர் கடை இல்லை, வேறொன்று. வயதானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஃபோனைக் கொஞ்சநேரம் குடைந்தார்.

"பூட்டு ஒடைக்கிறது எதுனா போட்டீங்களா? கேம்ஸ்க்கு?"

மாமாதான் பதில் சொன்னார். "ஒரு சாவி... கார்டுல ஏத்தினு வந்தேன்."

"அது பூட்டத் தொறக்கிற சாவி இல்லீங்க. ஒங்க வூட்டு வாசல்ல ஒக்காந்துக்கினு, தபால்காரர் கொண்டாற கடுதாசியெல்லாம் வாங்கிப் படிச்சுட்டு, வேற எவனுக்கோ அனுப்பிட்டு, அடுப்புல போட்டுடற ஆளு. பேங்க்லருந்து நம்பர் வருமில்ல, அதுக்காகப் பண்ணது. மத்ததெல்லாம் அதுக்குக் குப்ப."

"எங்களுக்கு பேங்கே இல்லீங்களே" என்றார் மாமா.

"அதுக்குத் தெரியுமா? எது பேங்க் மெசேஜ், எது காலேஜ் மெசேஜுன்னு அது பாக்காது. எல்லாத்தையும் வாரிடும்." ஃபோனை மேசைமேல் வைத்தார். "ஆனா திருடினு போவல. ஒவ்வொண்ணா கேட்டுட்டுத்தான் உள்ள வரும். படிக்கலாமா, அழிக்கலாமான்னு. யாரோ சரி சரின்னு குடுத்திருக்கீங்க. யாரு?"

மாமாவின் தலை என் பக்கம் திரும்பத் தொடங்கியது. நான் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய ஃபோன் உறைகளைப் பார்த்தேன். ஓர் உறையில் மயில் இருந்தது.

"நான்தாண்ணா அழுத்தினேன்" என்றாள் சின்னம்மா.

மாமா அவளை நோக்கித் திரும்பினார். "நீயா? படிச்சவதான நீ? படிச்சுப் பாக்க மாட்டியா?"

"பாக்கல."

எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லிமாளாது. சின்னம்மாவிடமும் எப்போதோ ஒரு பெட்டி கேட்டிருக்கும், அவளும் சரி கொடுத்திருப்பாள் என்றே நினைத்தேன். என்னைக் காப்பாற்றுகிறாள் என்று தோன்றவே இல்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அதன்பிறகு நடந்தது இவ்வளவுதான். வீட்டில் மாமா நடந்ததைச் சொன்னார். கார்டைத் தான் கொண்டுவந்ததைச் சின்னக் குரலிலும், தங்கை அழுத்தியதைப் பெரிய குரலிலும் சொன்னார். அப்பா கத்தவில்லை. "ஒரு ஃபோன பாத்துக்கத் தெரியல. ஒரு உசிர எப்படிப் பாத்துக்கும்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடம் மனுப் போடும் நாள் வந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. மாத்திரை அட்டையோடு வந்தவர்களிடம், தெரிந்ததற்கும் தெரியாது என்றே சொல்லத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு மலையிலிருந்து பெண்களை வேனில் அழைத்துப்போனார்கள். அதில் போய்ச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் தையல் பிரிவில் இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். விரல் நுனிகளில் பசையின் கறை இருக்கும்.

ஆனால் ஜூன் மாதம் நான் போளூர் விடுதிக்குப் போனேன். நிபந்தனை போட்ட அப்பாவே கொண்டுபோய் விட்டார். "பெரியவதான் கவனமில்லாம கெடுத்துக்கினா, இதுக்கு இன்னா, இது சூட்டிப்பு" என்று அம்மா சொன்னதைக் கேட்டேன். அம்மாவுக்கு அந்தப் பேச்சை யார் எடுத்துக் கொடுத்தது என்று இப்போது யோசிக்கிறேன். என் இரும்புப் பெட்டியில் துணிகளை மடித்து அடுக்கியவள் சின்னம்மா. பத்து வயதுப் பெண் ஃபோனைத் தொட்டு நர்ஸ் இடத்தைக் கெடுத்தாள் என்று அன்று கடையில் தெரிந்திருந்தால், எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியே வாங்கியிருக்க மாட்டார்கள். நான் பட்டம் வாங்கி, கண்ணமங்கலத்தில் குடியேறி, மகளுக்குப் பொத்தான்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கவும் மாட்டேன். இதெல்லாம் கூட்டிப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

இரண்டு முறை அவளிடம் சொல்லப் போனேன். ஒரு முறை என் கல்யாணத்துக்கு முந்தைய நாள். இன்னொரு முறை மகள் பிறந்து அவள் பார்க்க வந்தபோது. குழந்தையின் தொப்புளைத் துடைத்துக் காட்டி, "தண்ணி படக்கூடாது, தானா உழுந்துடும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னாள். நான் துணி எடுத்துக் கொடுத்தேன், அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டுமோ? சொல்வது அவளுக்காகவா, என் பாரம் இறங்கவா என்று அப்போது குழம்பினேன். இன்னும் குழப்பம்தான்.

ஒருவேளை சொல்லத் தேவையில்லாமலும் இருக்கலாம். போளூரிலிருந்து திரும்பிய அந்தப் பஸ்ஸைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை.

கடைக்காரர் ஃபோனை மொத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டார். சாவி போயிற்று, பாட்டுகள் போயின, ஆட்டமும் போயிற்று. மாமா லாரியை எடுக்க மண்டிக்குப் போய்விட, நானும் சின்னம்மாவும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். சான்றிதழ் உறையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். பஸ் மலை ஏறத் தொடங்கியது. நான் அழுதுகொண்டிருந்தேன். எதற்கு என்று இப்போதாவது உண்மையைச் சொல்லவேண்டும். அவளுக்காக அல்ல. ஆற்றங்கரை நிலத்தில் அன்று காலைதான் விதைத்திருந்தேன். அது போய்விட்டதே என்று அழுதேன்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். வெளியே பார்த்தபடியே, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன் பாப்பா, அந்தப் பூட்டு தொறந்துச்சா?"

"தொறந்துச்சு."

"உள்ள இன்னா இருந்துச்சு?"

யாரும் என்னிடம் கேட்டதில்லை அதை. அழுகை நின்றுவிட்டது. முழுவதையும் சொன்னேன். வேலி எப்படி இரண்டாகப் பிரிந்து விலகும் என்று கையால் காட்டினேன். உள்ளே ஓர் ஆறு, தண்ணீர் நீலமாக இருக்கும். அதில் வாத்துகள். கரையில் ஒரு துண்டு நிலம், ஒரு குடிசை, குடிசைக் கதவு மட்டும் திறக்காது. எந்த நாள் திறந்தேன், முதலில் எந்தப் பெட்டி வந்தது, மூலம் என்று படித்ததும் மாமா எப்படிச் சிரித்தார், பிறகு என்னென்ன கேட்டது, நான் எப்படித் தடுக்காமல் படித்தேன் என்று ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் இடையில் குறுக்கிடவே இல்லை. நன்றாகக் கேட்டாள்.

"எத்தன வாத்து?"

"நாலு. முட்ட போடாது. சும்மா நீந்தும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சின்னம்மா."

அவள் உறையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள். என் தலையை இழுத்து அந்த இடத்தில் சாய்த்துக்கொண்டாள். காற்று குளிராக அடித்தது. கை நீட்டி ஜன்னல் ஷட்டரை இறக்கினாள். யார் அழுத்தியது என்று கடைசிவரை அவள் என்னைக் கேட்கவே இல்லையே, தப்பித்தோம் என்று எண்ணியபடி அந்த மடியில் நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.